வட அயர்லாந்தின் திரைப்பட ஆணையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வட்டாரத்துக்குப் படப்பிடிப்புகளை வரவழைப்பதற்கென்றே தனி அமைப்பை நிறுவும் வழக்கம் புதிதன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள மோவாப் என்ற சிற்றூர், கௌபாய் படங்களைத் தன் பக்கம் இழுப்பதற்காக 1949ஆம் ஆண்டிலேயே இப்படியொரு குழுவை அமைத்துக்கொண்டது. இப்போது பல நாடுகளில் இத்தகைய ஆணையங்கள் இயங்குகின்றன. ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதியான, சுமார் 19 லட்சம் மக்கள் வாழும் வட அயர்லாந்தின் ஆணையத்தை எடுத்துக்கொண்டு, அது எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தக் கேள்வி பதில்கள் விளக்குகின்றன.

இந்த ஆணையம் அரசுத் துறையா, தயாரிப்பு நிறுவனமா?

இரண்டிலும் சேராது. 1989இல் தொடங்கிய திரைப்பட மன்றம் ஒன்று 1997இல் வட அயர்லாந்து திரைப்பட ஆணையமாக மாறியது. பின்னர் தொலைக்காட்சியையும் சேர்த்துக்கொண்டு, இப்போது நார்தர்ன் அயர்லாந்து ஸ்க்ரீன் என்ற பெயரில் பெல்ஃபாஸ்டிலிருந்து இயங்குகிறது. பொதுப் பணத்தில் நடக்கும் அமைப்பு இது. பொருளாதார வளர்ச்சிக்கான அரசு நிதி, கலைக்கான தேசிய லாட்டரி நிதி, கல்விக்கும் மொழிகளுக்குமான தனி நிதி என்று பணம் பல வாசல்கள் வழியாக வருகிறது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிபந்தனை உண்டு. பொருளாதாரத் துறை எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்கும். லாட்டரி நிதியைக் கண்காணிப்பவர்கள் படைப்பின் தரத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஒரே அலுவலகம் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருப்பதால்தான் அதன் முடிவுகள் சில நேரம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முரணாகத் தெரிகின்றன. ஆணையம் தானே படம் எடுப்பதில்லை. தணிக்கையும் அதன் வேலை அன்று.

வெளியிலிருந்து ஒரு தயாரிப்பாளர் அணுகினால் முதலில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் பேச்சு திரைக்கதையிலிருந்துதான் தொடங்கும். கதையில் வரும் இடங்களைப் பிரித்தெடுத்து, காடு, கோட்டை, துறைமுகம், கைவிடப்பட்ட தொழிற்சாலை என்று ஒவ்வொன்றுக்கும் பொருந்தக்கூடிய லொக்கேஷன்களின் படங்களை ஆணையத்தின் ஆட்கள் அனுப்புவார்கள். படங்கள் பிடித்துப்போனால் இயக்குநரும் கலை இயக்குநரும் நேரில் வந்து பார்ப்பார்கள். அழகான இடத்தைக் காட்டுவது இதில் எளிய பகுதி. ஜெனரேட்டர் லாரி அந்தக் குறுகலான சாலையில் திரும்புமா, அருகில் இருநூறு பேர் சாப்பிட இடம் இருக்கிறதா, மழை பிடித்துக்கொண்டால் அன்றைய வேலையை நிறுத்தாமல் யூனிட்டை மாற்றிக்கொண்டுபோக ஸ்டுடியோ எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பவற்றுக்கெல்லாம் பதில் வைத்திருப்பதுதான் கடினம்.

வட அயர்லாந்தின் மிகப் பெரிய சாதகம் அதன் சிற்றளவு. பெல்ஃபாஸ்டில் தங்கிக்கொண்டு, டவுன் மாவட்டத்தின் டோலிமோர் காட்டுக்கும், ஸ்ட்ராங்ஃபோர்டு கடற்கழிக் கரையில் உள்ள காசில் வார்டு மாளிகைக்கும், வடக்குக் கடற்கரையின் பாலின்டாய் துறைமுகத்துக்கும் காலையில் கிளம்பிப் போய் வேலையை முடித்து இரவில் திரும்பிவிடலாம். யூனிட்டை ஊர் ஊராக மாற்றித் தங்கவைக்கும் செலவு எவ்வளவு என்பது தயாரிப்பு நிர்வாகிகளுக்குத் தெரியும். அந்தச் செலவு இங்கே பெருமளவு மிச்சமாகிறது. காசில் வார்டின் பழைய பண்ணை முற்றம், கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்ற கற்பனைத் தொலைக்காட்சித் தொடரில் வின்டர்ஃபெல் கோட்டையின் முற்றமாக மாறியது. லார்ன் அருகே உள்ள மாகராமோர்னில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரியின் செங்குத்தான பாறை, அதே தொடரின் பனிச்சுவருக்கு அடித்தளமாக ஆனது. சுற்றுலா வழிகாட்டி எதிலும் இடம்பெறாத குவாரியை ஒரு கலை இயக்குநரின் கண்ணில் படும்படி செய்வது லொக்கேஷன் பிரிவின் தேர்ச்சிக்கு நல்ல சான்று.

வரிச்சலுகையை ஆணையமா தருகிறது?

இல்லை. இது மிகப் பரவலான குழப்பம் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வரிச்சலுகை ஐக்கிய இராச்சியம் முழுவதற்கும் பொதுவானது; லண்டனில் எடுத்தாலும் பெல்ஃபாஸ்டில் எடுத்தாலும் விகிதம் ஒன்றே. அந்தப் படைப்பு பிரிட்டிஷ் படைப்பாகச் சான்று பெற வேண்டும். அதற்கு, படைப்பு எந்த அளவுக்குப் பிரிட்டிஷ்தன்மை கொண்டது என்று மதிப்பெண் போடும் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் பண்பாட்டுத் தேர்வில் தேற வேண்டும், அல்லது அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தத்தின்படி கூட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். முக்கியச் செலவில் (படப்பிடிப்புக்கும் அதன் முன்வேலை, பின்வேலைகளுக்கும் ஆகும் செலவு) குறைந்தது 10 சதவீதமாவது ஐக்கிய இராச்சியத்துக்குள் செய்யப்பட வேண்டும். பெருஞ்செலவுத் தொலைக்காட்சித் தொடராக இருந்தால், ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாகக் குறைந்தது 10 லட்சம் பவுண்ட் செலவாக வேண்டும்.

2024 முதல் நடைமுறையில் உள்ள கணக்கு இது. ஒரு படத்தின் முக்கியச் செலவு 1 கோடி பவுண்ட், அது முழுவதும் ஐக்கிய இராச்சியத்துக்குள்ளேயே செய்யப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 சதவீதமான 80 லட்சம் பவுண்ட் மட்டுமே சலுகைக்கு எடுத்துக்கொள்ளப்படும். அதற்கு 34 சதவீதம் என்றால் 27.2 லட்சம். அந்தத் தொகைக்கும் 25 சதவீத நிறுவன வரி உண்டு. ஆகவே கடைசியில் கையில் நிற்பது 20.4 லட்சம் பவுண்ட். “34 சதவீதம் திரும்பக் கிடைக்கும்” என்று விளம்பரத்தில் படித்துவிட்டு பட்ஜெட் போடுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

குறைந்த செலவில் எடுக்கப்படும் சுயாதீனப் படங்களுக்கு விகிதம் அதிகம். முக்கியச் செலவு 1.5 கோடி பவுண்டுக்குள் இருந்து, எழுத்தாளரோ இயக்குநரோ பிரிட்டிஷ் குடிமகனாகவோ அங்கு வாழ்பவராகவோ இருந்தால், அல்லது படம் முறையான கூட்டுத் தயாரிப்பாக இருந்தால், 53 சதவீதம் என்று கணக்கிடப்படும். படம் திரையரங்கில் வெளியிடுவதற்காக எடுக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

ஆணையத்தின் சொந்தப் பணம் இதற்கு மேல் வருவது. அதை மானியம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது; படம் சம்பாதித்தால் திரும்பப் பெறும் உரிமையோடு போடப்படும் முதலீடு அது. பதிலுக்கு, கொடுத்த தொகையைப் போலப் பல மடங்கு வட அயர்லாந்துக்குள் செலவிடப்பட வேண்டும் என்று ஆணையம் எதிர்பார்க்கும். உள்ளூர் ஆட்களின் சம்பளம், உள்ளூர்க் கடைகளில் வாங்கிய மரமும் துணியும், ஹோட்டல் வாடகை ஆகியவை அந்தக் கணக்கில் சேரும்.

சலுகை எங்கும் ஒன்று என்றால், ஏன் பெல்ஃபாஸ்டுக்குப் போக வேண்டும்?

இடமும் ஆட்களும் அங்கே தயாராக இருப்பதால். டைட்டானிக் கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் நிறுவனத்துக்குப் பெல்ஃபாஸ்ட் துறைமுகத்தில் பெரிய பெயின்ட் கூடம் ஒன்று இருந்தது. கப்பலின் பகுதிகளை உள்ளே கொண்டுவந்து வண்ணம் பூசுவதற்காகக் கட்டப்பட்டது என்பதால், நான்கு அறைகளும் சுமார் 90 அடி உயரம். நடுவில் தூண் கிடையாது. கப்பல் தொழில் சுருங்கிய பிறகு வெறிச்சோடிக் கிடந்த அந்தக் கூடத்தில், 2007இல் ஒரு நிலத்தடி நகரத்தின் செட்டையே போட்டு ஹாலிவுட் படமொன்றை எடுத்தார்கள். ஸ்டுடியோவாகக் கட்டப்படாத கட்டடம் ஸ்டுடியோக்களில் கிடைக்காத உயரத்தைத் தந்தது. 2009இல் ஒரு நகைச்சுவைப் படமும், அதே ஆண்டின் பிற்பகுதியில் கேம் ஆஃப் த்ரோன்ஸின் முன்னோட்ட அத்தியாயமும் (தொடரைத் தொடங்கலாமா என்று பார்க்க முதலில் எடுக்கும் அத்தியாயம்) வந்தன. கூடத்துக்கு அருகே பின்னர் கட்டப்பட்ட இரண்டு படப்பிடிப்புத் தளங்களுக்கு, வட அயர்லாந்தில் பிறந்த திரைப்படக்காரர்களான வில்லியம் மாக்விட்டி, பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள்.

அதன் பிறகு 2017இல் பெல்ஃபாஸ்ட் துறைமுக ஸ்டுடியோ திறக்கப்பட்டது. 2025இல், ராட்சத எல்இடி திரைகளைப் பின்னணியாக வைத்துப் படமெடுக்கும் ஸ்டுடியோ அல்ஸ்டர், சுமார் 7.2 கோடி பவுண்ட் செலவில், அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் முன்னெடுப்பில் இயங்கத் தொடங்கியது. இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் கட்டடம் யாரும் கட்டிவிடக்கூடியது. ஹங்கேரியிலும் ஸ்டுடியோ இருக்கிறது, சலுகையும் இருக்கிறது. என் பார்வையில் ஆணையத்தின் உண்மையான சாதனை அடுத்த இரண்டு கேள்விகளில் இருக்கிறது.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரால் உண்மையில் லாபமா?

ஆணையம் சொல்லும் கணக்கின்படி, எட்டு பருவங்களுக்கும் சேர்த்து அது போட்டது ஏறத்தாழ 1.6 கோடி பவுண்ட். வட அயர்லாந்துக்குள் செலவானது சுமார் 25 கோடி பவுண்ட். ஒன்றுக்குப் பதினைந்து என்ற இந்த விகிதத்தைக் காட்டாத அரசு உரை இல்லை எனலாம். பொய்க்கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனாலும் கவனித்துப் படிக்க வேண்டும். 2013 ஏப்ரலில் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் வரிச்சலுகை விரிவாக்கப்பட்ட பிறகு, லண்டன் கருவூலம் விட்டுக்கொடுத்த பணம் இந்த விகிதத்தில் வருவதில்லை. வட்டார ஆணையத்தின் செலவில் அது அடங்காது என்பதால் கணக்கு முறைப்படி சரி. வரி கட்டுபவரின் கண்ணில் இரண்டும் பொதுப் பணமே. தொடரில் வேலை செய்த ஆட்களும் தச்சர்களும் அது வராமல் போயிருந்தால் வேறு வேலையில் சம்பாதித்திருப்பார்கள் என்ற எதிர்வாதமும் உண்டு.

எதிர்த்திசையில், விகிதத்துக்குள் அடங்காத பலன்களும் இருக்கின்றன. கிளெனார்ம் என்ற கடற்கரைக் கிராமத்தில் பட்டறை வைத்திருக்கும் ஸ்டீன்சன்ஸ் என்ற பொற்கொல்லர் குடும்பம், தொடரின் அரசர்கள் அணிந்த மகுடங்களையும் ஆடை ஊசிகளையும் செய்தது. இன்று அவற்றின் பிரதிகளை வாங்க உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் அந்தக் கடைக்கு வருகிறார்கள். பான்பிரிட்ஜில் லினன் ஆலையாக இருந்து ஸ்டுடியோவான இடம், 2022 பிப்ரவரி முதல் செட்களையும் உடைகளையும் காட்டும் நிரந்தரக் கண்காட்சியாக மாறியிருக்கிறது. 2018இல் பொழுதுபோக்குக்காக வந்த பயணிகளில் ஆறில் ஒருவர் இந்தத் தொடருக்காகவே வந்தார் என்பது சுற்றுலாத் துறையின் மதிப்பீடு.

பெரிய தொடர் முடிந்ததும் வேலையாட்கள் என்ன ஆவார்கள்?

ஆணையத்தின் தலைவலியெல்லாம் இங்கேதான் இருக்கிறது. முகூர்த்த மாதங்களுக்கு நடுவே வேலை இல்லாவிட்டால் நல்ல சமையல் குழு கலைந்து, ஆளுக்கொரு ஊராகப் போய்விடும். மறுபடி முகூர்த்தம் வரும்போது மாஸ்டர் இருப்பார், கைகள் இருக்காது. படப்பிடிப்பு ஆட்களுக்கும் அதே நிலைமை. லைட்மேன், தச்சர், ஒப்பனையாளர், ஒலிப்பதிவாளர், கணக்கர் என்று ஒரு யூனிட்டுக்கு வேண்டியவர்களை உருவாக்கப் பத்து ஆண்டுகள் ஆகும். ஓராண்டு வேலையில்லாமல் போனால் அவர்கள் லண்டனுக்கோ டப்ளினுக்கோ கப்பல் ஏறிவிடுவார்கள்.

2019இல் இந்த ஆபத்து நேரடியாக வந்தது. அந்தத் தொடர் முடிந்த அதே ஆண்டில், அதன் முன்கதையாக வட அயர்லாந்தில் படமாக்கப்பட்ட முன்னோட்ட அத்தியாயம் கைவிடப்பட்டது; பிறகு வந்த மற்றொரு முன்கதைத் தொடர் இங்கிலாந்தின் லீவ்ஸ்டன் ஸ்டுடியோவைத் தன் தளமாக்கிக்கொண்டது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆணையம் அப்படி இருக்கவில்லை. பிபிசியின் காவல் துறைத் தொடரான லைன் ஆஃப் டியூட்டி, முதல் பருவத்தைப் பர்மிங்ஹாமில் எடுத்துவிட்டு, இரண்டாம் பருவத்திலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு வந்திருந்தது. கதை நடப்பது பெயர் சொல்லப்படாத இங்கிலாந்து நகரத்தில், தெருக்களோ பெல்ஃபாஸ்டுடையவை. இத்தகைய நடுத்தரச் செலவுத் தொடர்கள் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வருவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் சில மாத வேலைக்கு அவை உத்தரவாதம். அடுத்த பெரிய படம் வரும்வரை ஆட்கள் கலையாமல் இருப்பது அவற்றால்தான். 2025இல் வெளியான ஹௌ டு ட்ரெயின் யுவர் டிராகன் படத்தின் நடிகர்கள் நடித்த பதிப்பு பழைய பெயின்ட் கூடம் இருக்கும் டைட்டானிக் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டபோது, யூனிட்டில் முன்பு கேம் ஆஃப் த்ரோன்ஸ் செட்டில் தொழில் பழகியவர்களின் தலைமுறை இருந்தது. 2024இல் கேம் ஆஃப் த்ரோன்ஸ் கதையுலகின் இன்னொரு தொடரும் பெல்ஃபாஸ்டுக்குத் திரும்பியது.

உள்ளூர்ப் படைப்பாளிகளுக்கு என்ன கிடைக்கிறது? அவர்கள் வெறும் கூலியாட்களாகிவிட மாட்டார்களா?

நியாயமான பயம். வெளியிலிருந்து வரும் படத்தில் உள்ளூர்க்காரர் செட் அடிப்பார். கதையும் இயக்கமும் வேறிடத்தில் தீர்மானிக்கப்படும். இதற்கு மாற்றாக, திரைக்கதை எழுதும் கட்டத்திலேயே பணம் கொடுப்பது, குறும்படங்களுக்குத் தனி நிதி ஒதுக்குவது, புதிய தயாரிப்பாளர்களைச் சந்தைகளுக்கு அனுப்புவது என்று ஆணையம் அடிமட்டத்தில் செலவிடுகிறது. தொகைகள் சிறியவை. பலன் வர ஆண்டுக்கணக்கில் ஆகும், பல நேரம் வராமலே போகும். ஆணையத்தின் ஆதரவோடு எடுக்கப்பட்ட ஆன் ஐரிஷ் குட்பை என்ற குறும்படம் 2023இல் ஆஸ்கர் பெற்றது. முன்னாள் பத்திரிகையாளர்களான டெக்லன் லான், ஆடம் பாட்டர்சன் இருவரும் எழுதிய ப்ளூ லைட்ஸ் என்ற பெல்ஃபாஸ்ட் காவலர் தொடர் 2025இல் சிறந்த நாடகத் தொடருக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்றது. அந்தக் கதையைப் பெல்ஃபாஸ்ட்டில் வாழ்ந்தவர்கள்தான் எழுதியிருக்க முடியும். பின்னணியை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தால் அது வந்திருக்காது.

மொழி சார்ந்த நிதி ஒன்றும் இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது, தமிழ் வாசகர்களுக்கு இது சுவையான பகுதி. வட அயர்லாந்தின் நீண்ட உள்நாட்டு மோதலை முடித்துவைத்த 1998ஆம் ஆண்டின் பெல்ஃபாஸ்ட் சமாதான உடன்பாட்டிலேயே, ஐரிஷ் மொழியில் திரைப்படம், தொலைக்காட்சித் தயாரிப்புக்கு நிதி உதவும் வழிகளைத் தேட பிரிட்டிஷ் அரசு உறுதியளித்திருந்தது. ஆயுதக் களைவும் கைதிகள் விடுதலையும் பேசப்பட்ட ஆவணத்தில் மொழிப் படங்களுக்கும் ஒரு வரி இருந்தது. அதன் தொடர்ச்சியாக உருவான ஐரிஷ் மொழி ஒளிபரப்பு நிதியை இந்த ஆணையமே நிர்வகிக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் அல்ஸ்டர் ஸ்காட்ஸ் மரபுக்கும் பின்னர் தனி நிதி அமைக்கப்பட்டது. அயர்லாந்தோடு சேர விரும்புபவர்கள், பிரிட்டனோடு இருக்க விரும்புபவர்கள் என்ற இரு சமூகங்களும் ஒன்றையொன்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்டில், ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு மற்றதை விட்டுவிட முடியாது. ஐரிஷ் மொழியில் பாடும் மேற்கு பெல்ஃபாஸ்ட் ராப் குழுவைப் பற்றிய நீகேப் என்ற படம், ஆணையத்தின் ஆதரவையும் பெற்று 2024இல் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கியது. அரசை வெளிப்படையாகச் சாடும் படத்துக்கு அரசுப் பணம் எப்படிப் போகலாம் என்று சிலர் பொருமினார்கள். பணம் கொடுப்பவரும் கதையைத் தீர்மானிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதற்குத்தானே இடையில் ஓர் ஆணையம்.

பள்ளி மாணவர்களுக்கும் ஆணையத்துக்கும் என்ன தொடர்பு?

வட அயர்லாந்தின் தேர்வு வாரியம் அசையும் படக்கலை என்ற பாடத்தை மேல்நிலை வகுப்பு வரை நடத்துகிறது. மாணவர் தாமே குறும்படம் எடுத்துத் தேர்வுக்குச் சமர்ப்பிக்கலாம். டெரி, பெல்ஃபாஸ்ட், ஆர்மா நகரங்களில் உள்ள படைப்புக் கல்வி மையங்களை ஆணையம் ஆதரிக்கிறது. அங்கே ஆசிரியர்களுக்கும் பயிற்சி உண்டு.

படப்பிடிப்பால் இடங்கள் பாழாவதில்லையா?

படப்பிடிப்பைவிட, அதற்குப் பின் வரும் கூட்டம்தான் இடத்தைப் பாழாக்குகிறது. ஆன்ட்ரிம் மாவட்டத்தின் டார்க் ஹெட்ஜஸ் என்ற சாலையின் இருபுறமும் பதினெட்டாம் நூற்றாண்டில் நட்ட பீச் மரங்கள் கிளை கோத்து நிற்கின்றன. கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் அந்தச் சாலை வருவது சில நொடிகள்தான். அதைப் பார்க்கக் கார்களும் பேருந்துகளும் வேர்களின் மேலேயே ஏறி நின்றன. 2016இல் புயலில் சாய்ந்த மரங்களிலிருந்து பத்து கதவுகளைச் செதுக்கி, படப்பிடிப்பு நடந்த பகுதிகளில் உள்ள மதுக்கடைகளுக்குக் கொடுத்தது சுற்றுலாத் துறை. சாமர்த்தியமான விளம்பரம் என்பதில் சந்தேகமில்லை. 2017இல்தான் அந்தச் சாலையில் வண்டிகளுக்குத் தடை வந்தது. 2023 நவம்பரில், விழுந்துவிடும் என்ற அச்சத்தால் ஆறு மரங்கள் வெட்டப்பட்டன. மரங்கள் மூப்படைந்தவை, படப்பிடிப்பு இல்லாவிட்டாலும் சில சாய்ந்திருக்கும். என்றாலும், ஓர் இடத்தைத் திரையில் காட்டுவதற்கு முன்பே அங்கே எத்தனை வண்டிகள் நிற்கலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பை ஆணையமும் சுற்றுலாத் துறையும் உள்ளூராட்சியும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டாமல் ஏற்றிருக்க வேண்டும்.

அனுமதிகள் அனைத்தையும் ஆணையமே வாங்கித் தருமா?

தராது. வழிகாட்டும், அறிமுகம் செய்துவைக்கும். காசில் வார்டு போன்ற இடங்களுக்கு அவற்றைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையும், டோலிமோருக்கு வனத்துறையும், தெருக்களுக்கு உள்ளூராட்சி மன்றமும் காவல் துறையும்தான் அனுமதி தர வேண்டும். கட்டணமும் அவர்களுக்கே.

இந்தியத் தயாரிப்பாளர் ஒருவர் இதைப் பயன்படுத்திக்கொள்ள முடியுமா?

முடியும், வழி இரண்டு. இந்தியாவுக்கும் ஐக்கிய இராச்சியத்துக்கும் இடையே 2005இல் கையெழுத்தாகி 2008இல் நடைமுறைக்கு வந்த திரைப்படக் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி இரு நாட்டுத் தயாரிப்பாளர்களும் சேர்ந்து எடுக்கும் படம் இரு நாடுகளிலும் உள்நாட்டுப் படமாகக் கருதப்படும். மேலே சொன்ன வரிச்சலுகையும், செலவு வரம்புக்குள் இருந்தால் 53 சதவீத விகிதமும் கிடைக்க வாய்ப்புண்டு. படப்பிடிப்புக்கு முன்பே இரு அரசுகளிடமும் விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால், ஐக்கிய இராச்சியத்தில் பதிவான நிறுவனம் ஒன்றின் வழியாகப் பண்பாட்டுத் தேர்வில் தேற வேண்டும்.

இரண்டு பாட்டுக்கும் ஒரு சண்டைக்கும் மட்டும் ஒரு வாரம் வந்துபோகிற யூனிட்டுக்கு இந்த நடைமுறைகள் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. கிடைக்கும் சலுகையைவிடக் கணக்கருக்கும் வழக்கறிஞருக்கும் ஆகும் செலவு கூடிவிடும். அத்தகையவர்கள் ஆணையத்திடம் லொக்கேஷன் உதவியும் உள்ளூர் ஆட்களின் விவரமும் கேட்டுப் பெறலாம். கால்ஷீட் போடும்போது ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும்: ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும்.